பல் முளைக்கும் குட்டியும் அயனி மர நாற்காலியும்

தக்கலையில் உள்ள எங்கள் வீட்டில், தாத்தா காலத்து அயனி மர நாற்காலியின் காலை நாய்க்குட்டி கடித்துக் குதறியபோது, அதனை அதட்டியதற்காக இன்றும் வருந்துகிறேன். ஏறத்தாழ 4 மாத வயதில் 28 பால் பற்கள் விழத் தொடங்கி, 7 மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைப்பதால் ஏற்படும் ஈறு வலியைத் தணித்துக்கொள்ளவே அது மரத்தைத் தேடுகிறது. ஈரத்துணியை முறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, நாற்காலியை நெருங்கும்போதெல்லாம் அதனைக் கொடுத்து, குட்டி கடித்தவுடன் தட்டிக்கொடுத்தோம். நூலை விழுங்கிவிடக் கூடாது என்பதால், துணி நைந்ததும் மாற்றினோம். நாற்காலிக் காலில் மிளகாய்த்தூள் தடவச் சிலர் சொன்னார்கள். புண்பட்ட ஈறுகளில் எரிச்சல் மூட்ட எனக்கு மனம் வரவில்லை. முற்றத்தில் கிடக்கும் தேங்காய் மட்டையையும் கொடுக்கவில்லை. அதன் தும்பு குடலில் சிக்கக்கூடும். கவனிக்க ஆளில்லாத நேரங்களில் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம்.