108 அண்ணனின் கணக்கு நோட்டு

காரைக்குடி வட்டாரத்தில் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி, சென்ற மாதம் காலமான அண்ணனுடன் அதே வண்டியில் 6 ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவன் நான். தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அவர் வேலைக்குச் சேர்ந்தது அடுத்த ஆண்டு. எங்கள் தொழிற்சங்க வேலையில் அவர் செலவிட்ட ஆண்டுகளும் ஏறக்குறைய வண்டியில் பணியாற்றிய அளவுதான்.

கானாடுகாத்தானில் ஒரு விடியற்காலையை என்னால் மறக்க முடியவில்லை. பெரிய செட்டிநாட்டு வீடு ஒன்றின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஆச்சி ஒருவரை, முற்றத்தைச் சுற்றிய வளவு, வாசல் பக்கத்து முகப்பு, உயரமான திண்ணைப்படிகள் எல்லாம் கடந்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை ஆச்சியின் இருபுறமும் மெல்லச் செருகி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் பூட்டு விழும் ஓசை கேட்ட பிறகே அண்ணன் தூக்கச் சொன்னார். நிலைப்படி வரும்போதெல்லாம், "ஆச்சி, இப்பப் படி இறங்குறோம், பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். வண்டியில் ஏற்றியபின்தான் அவருடைய விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன். 12 மணி நேரப் பணி முடிந்தும் மாற்று ஆள் வராததால், அது அவருக்கு 14ஆவது மணி நேரம்.

"இந்தக் கையோட ஊசி போடச் சொல்றாங்க தம்பி. இதைக் கேக்கத்தான் சங்கம்" என்றார். நோயாளியைப் பார்ப்பதும் சங்கத்துக்காக அலைவதும் அவருக்கு இரண்டு வேலைகளாக இருந்ததே இல்லை.

செட்டிநாட்டுக் கடைகளில் வரவு செலவு எழுதும் நீளமான கணக்கு நோட்டு ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். இடப்பக்கத்தில் ஒவ்வொருவரும் பணி ஏற்ற நேரம், ஒப்படைத்த நேரம். வலப்பக்கத்தில் மறுக்கப்பட்ட விடுப்பு, சந்தா, இடமாற்றம். தொழிலாளர் துறைப் பேச்சுவார்த்தைகளில் குரலை உயர்த்தாமல் அந்த நோட்டை விரித்து வைப்பார். தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடியது 1923இல்; 8 மணி நேர வேலைக்கு நாம் இன்னும் நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறோமே என்று வருந்துவார்.

வேலைநிறுத்தம் அவருக்கு எளிதான முடிவாக இருந்ததில்லை. உயிர் காக்கும் வண்டியை நிறுத்துவதா என்று ஊரார் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. முறைப்படி முன்னறிவிப்புக் கொடுக்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்பதிலும், ஏற்றிய நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைக்காமல் யாரும் இறங்கக் கூடாது என்பதிலும் எங்களிடம்தான் கண்டிப்பாக இருந்தார். வேலைநிறுத்தத்துக்குப் பின் நிர்வாகம் அவரைத் தொலைவான மாவட்டத்துக்கு மாற்றியது. அங்கிருந்தும் வார விடுப்பில் இரவுப் பேருந்து பிடித்துக் கூட்டத்துக்கு வந்துவிடுவார். அண்ணியும் பிள்ளைகளும் அவரைப் பார்த்தது அந்த இடைவேளைகளில்தான். அது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

காரியம் முடிந்தபின் அண்ணி அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். கடைசியாக எழுதியிருந்தது, தங்கையின் கல்யாணத்துக்குக் கேட்ட 2 நாள் விடுப்பு மறுக்கப்பட்ட ஒரு புதுத் தம்பியைப் பற்றி; கீழே, "திங்கள்கிழமை பேச வேண்டும்" என்றிருந்தது. நேற்று அந்தத் தம்பியைத் தேடிப் பார்த்துவிட்டேன். கல்யாணம் அடுத்த வாரம். விடுப்பு இன்னும் கிடைக்கவில்லை.