விலாசம் தேடும் படலம்

முன்னோரைத் தேடும்போது சீன நண்பர்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டே பல தலைமுறை மேலே போய்விடுகிறார்கள். நமக்கோ அப்பா பெயரோடு கயிறு அறுந்துவிடும். என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அப்பா பெயருக்குப் பின்னால் தாத்தா பெயர், எங்கே பிடிப்பது?

நகரத்தார் கதை வேறு. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் (தங்குமிடமும் தொழிலிடமுமான கட்டடங்களில்) வட்டித்தொழில் செய்த இந்தச் செட்டியார்களுக்கு 'விலாசம்' உண்டு. ஆனா, மூனா, ரூனா என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். பேரனுக்குத் தாத்தா பெயரையே வைப்பதால் அதே எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து நன்றாகக் குழப்பும். (எனக்குப் பிடித்த குழப்பம்.) சரி, அப்போது என்ன செய்வது? நகரத்தார் பிரிவுகளுக்கான ஒன்பது நகரக் கோயில்களில் அவர்களுடையது இளையாற்றங்குடியா, மாத்தூரா, பிள்ளையார்பட்டியா என்று கேளுங்கள். கல்யாணமானவரை அங்கே 'புள்ளி'யாக, அதாவது ஒரு குடும்பமாக, கணக்கில் சேர்ப்பது வழக்கம்.

மரைக்காயர், ராவுத்தர் வீடுகளில் யாராவது இப்படித் தேடியிருக்கிறீர்களா?