கிர்த்தில் கோட்டை விட்டேன்: ஸ்டேஜ் 2, இரண்டாம் முறை

குதிரையேற்றப் பயிற்சியாளர் தேர்வில் ஸ்டேஜ் 2 ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. பராமரிப்பும் சவாரியும் போன வருடமே தேறியாச்சு. தொங்கிக்கொண்டிருந்தது பயிற்சி கொடுக்கும் பகுதி மட்டும்தான். அதுவும் இப்போது முடிந்தது. "எப்படிப் படிச்சீங்க, எந்த புக்கு" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

தேர்வு எப்படி நடக்கும் என்று விளக்கப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். புத்தகத்தைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு வார், சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற கிர்த். அதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன முறை பாடம் நடத்த எனக்குக் கொடுத்தது பன்னிரண்டு வயதுப் பையன். குதிரை சாதுவான பழுப்பு நிறக் கிழவன். ராத்திரி முழுக்க எழுதிக் கிழித்து எழுதிய பாடத் திட்டம் என் பாக்கெட்டில் இருந்தது. பையன் ஏறும் முன் கிர்த்தைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இரண்டு சுற்று நடக்க விட்டேன், அப்புறம் டிராட் என்கிற மெது ஓட்டம். குதிகாலைக் கீழே இறக்கு, தோளைத் திற, பார்வை முன்னால் என்று நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். மூன்றாவது மூலையில் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பையன் விழவில்லை, பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். தேர்வாளர் கையைத் தூக்கி வகுப்பை நிறுத்தினார். ஆரம்பித்துப் பதினொரு நிமிடம்கூட ஆகவில்லை.

மதிப்பீட்டுத் தாளில் "பாதுகாப்பு" என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்கள். கட்டின காசுக்கு இரண்டு வரியாவது எழுதியிருக்கலாம்.

குதிரை வயிற்றை உப்பிக்கொண்டு ஆளை ஏமாற்றுகிறது என்று லாயத்தில் சொல்வார்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. வார் இறுகும்போது மார்பையும் விலாவையும் விறைத்துக்கொள்கிறது. பத்தடி நடந்ததும் தளர்கிறது. சேணத்துக்கு அடியில் போட்ட துணியும் ஆளின் எடையில் அமுங்குகிறது. முதல் தடவை பார்த்த இறுக்கம் ஐந்து நிமிடத்தில் இருக்காது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பராமரிப்புத் தேர்வில் இதையே கேட்டார்கள், பதில் சொல்லி மார்க் வாங்கியவள் நான்!

இன்னும் எரிச்சலான சங்கதி ஒன்று உண்டு. என் தாய்மாமா கன்னங்குறிச்சிப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். கோடையில் சேலத்து வெயில் தாங்காமல் குதிரைகளை லாரியில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி, ஏற்காட்டில் தெரிந்தவர் காப்பித் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டுவார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகப் பாதை. சின்ன வயதிலிருந்து அங்கேதான் ஏறிப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் மாமா பின்னாலிருந்து கத்துவார்: "மேட்டுல ஏறுறதுக்கு முன்ன ஒருக்கா வாரைப் பாரு கண்ணு, எறங்குறதுக்கு முன்ன ஒருக்கா பாரு." வார் தளர்ந்திருந்தால் ஏறும்போது சேணம் பின்னால் போகும், இறங்கும்போது கழுத்துப் பக்கம் வரும். பெங்களூரில் இரண்டு வருடம் வேலை கற்றுக்கொண்டு வந்த திமிரில், இதெல்லாம் குதிரைக்காரர் பேச்சு என்று காதில் வாங்காமல் விட்டேன்.

ஆகவே முதல் அறிவுரை, கிர்த்தை மூன்று தடவை பாருங்கள். ஏறும் முன், ஏறி ஒரு சுற்று நடந்த பின், டிராட்டுக்கு முன். பக்கவாட்டில் விரலை விட்டுப் பார்த்தால் போதாது, முன்னங்கால்களுக்கு நடுவே மார்பெலும்புக்குக் கீழே விடுங்கள். ஒரே இழுப்பில் இறுக்காமல் ஓட்டை ஓட்டையாக ஏற்றுங்கள். பார்க்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், தேர்வாளர் இருபது மீட்டர் தள்ளி நிற்கிறார்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டியவை:

உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ்.
நாடி, ஓய்வில், நிமிடத்துக்கு 28 முதல் 44.
மூச்சு 8 முதல் 16.
ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.
முதுகில் விலா கொண்ட எலும்புகள் 18. சேணத்தின் பின் விளிம்பு கடைசி விலாவைத் தாண்டக் கூடாது.
குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வாயால் மூச்சு விடவும் முடியாது.

எண்களை மனப்பாடம் செய்வது சுலபம். உண்மையான குதிரையின் தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பிடிக்கப் பழகாமல் போனால் அங்கே கை நடுங்கும். நான் தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் செம்பிக்கு நாடி பார்ப்பேன்.

செம்பி மாமாவின் பெட்டைக் குதிரை, அந்தியூரில் வாங்கியது. வார் கட்டப் போனால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வரும். "கொள்ளுன்னா வாயைத் தொறக்குது, கடிவாளம்னா மூடிக்குது, எல்லாம் கொழுப்பு" என்பார் மாமா. நானும் அப்படித்தான் நம்பினேன். பராமரிப்புத் தேர்வில் "கிர்த் கட்டும்போது கடிக்கும் குதிரையை என்ன செய்வீர்கள்" என்ற கேள்விக்கு "கெட்ட பழக்கம், உறுதியாகக் கையாள வேண்டும்" என்றேன். தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பகுதியில் தேறினாலும் அந்தப் பார்வை உறுத்திக்கொண்டே இருந்தது.

தோற்றுத் திரும்பிய மாதம் வேறு வேலை இல்லை. ஒரு நோட்டைப் போட்டுச் செம்பி என்ன தின்கிறது, எப்போது தின்கிறது என்று குறித்தேன். சாயங்காலம் ஏழு மணிக்குத் தீனி. அடுத்தது காலை ஆறுக்கு, அதுவும் ஊறவைத்த கொள்ளு. நடுவில் பதினொரு மணி நேரம் வெறும் வயிறு. குதிரையின் இரைப்பை சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் ராத்திரி பகல் பாராமல் ஊறும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். மெல்ல ஒன்றும் இல்லாத ராத்திரியில் அந்த அமிலம் இரைப்பையின் மேல் பகுதியைத்தான் அரிக்கும், அங்கே பாதுகாப்புப் படலம் கிடையாது.

ராத்திரிக்குக் காய்ந்த அருகம்புல்லை வலைப்பையில் தொங்கவிட்டேன். காலையில் கொள்ளைக் குறைத்து, உலர்த்திய குதிரை மசால் சேர்த்தேன். அதில் இருக்கும் கால்சியம் அமிலத்தைக் கொஞ்சம் தணிக்கும். பச்சைச் சோளத்தட்டை மொத்தமாக நிறுத்தினேன், நம் பக்கம் மாட்டுக்குப் போடுகிற பழக்கத்தில் குதிரைக்கும் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஜரிகை வைத்த கல்யாணச் சேணத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதன் பின் விளிம்பு கடைசி விலாவைத் தாண்டி நாலு விரல் நீண்டிருந்தது. மாமாவிடம் சண்டை போட்டு மாற்றினேன். ஒன்றரை மாதத்தில் கடிப்பது நின்றது. காது மட்டும் இடது பக்கம் வார் இழுக்கும்போது இன்னும் லேசாக மடங்கும். இரைப்பைப் புண்தான் காரணமா, சேணமா என்று சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன், இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டேன். குழாய் கேமரா விட்டுப் பார்க்காமல் இரைப்பைப் புண்ணை யாரும் உறுதி செய்ய முடியாது.

இதை நீளமாகச் சொல்வதற்குக் காரணம், குதிரை நலம் என்றதும் நறுமண எண்ணெய், கலர் கல் என்று போகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தேர்வில் அது எடுபடாது, தொழிலிலும் நிற்காது. தீனி, தண்ணீர், குளம்பு, பல், சேணம், முதுகு, கூட ஒரு குதிரைத் துணை. இத்தனையும் பார்த்த பிறகுதான் மசாஜ். இன்னொன்று, நோய் இன்னதென்று சொல்வதோ ஊசி போடுவதோ நம் வேலை இல்லை. 1984-ம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி அது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. சேலத்துக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை உண்டு, நாமக்கல்லில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி, தலைவாசலில் இன்னொன்று. விசிட்டிங் கார்டு அடிக்கும் முன் குதிரை பார்க்கிற ஒரு டாக்டரின் நம்பரை வாங்குங்கள். வயிற்று வலியில் குதிரை புரளும்போது உங்கள் சான்றிதழ் ஒன்றுக்கும் ஆகாது.

மலையில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. கீழே வெயிலோடு போராட்டம் என்றால் மேலே ஈரத்தோடு. ஏற்காட்டு மழையில் இரண்டு வாரம் குளம்பைக் கவனிக்காமல் விட்டால், அடியில் முக்கோணமாக இருக்கும் ஃபிராக் ஓரங்களில் கறுப்பாக ஏதோ கசியும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரியும். தேர்வில் குளம்பைத் தூக்கச் சொன்னால் மோந்து பாருங்கள். சிரித்தாலும் சிரிக்கட்டும்.

இரண்டாம் முறை. பதினாலு வயதுப் பெண், சாம்பல் நிறக் குதிரை. நான் உடனே பேச ஆரம்பிக்கவில்லை. இரண்டு நிமிடம் சும்மா நின்று குதிரையைப் பார்த்தேன். எந்தக் காலில் எடை போடுகிறது, மூக்குத் துவாரம் எப்படி இருக்கிறது, வாரைத் தொட்டதும் காது எந்தப் பக்கம் போகிறது. தேர்வாளருக்கு என்ன தோன்றியதோ, ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். முதல் கிர்த், ஏறியது, ஒரு சுற்று, நிறுத்தம், இரண்டாம் கிர்த். ஒரு ஓட்டை ஏறியது. "ஏன் இப்போது?" என்று கேட்டார். விறைப்பு, தளர்ச்சி, துணி என்று மூன்று வரியில் சொன்னேன். அதோடு கேள்வியை விட்டுவிட்டார்.

டிராட்டில் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தோள் காது வரை ஏறியிருந்தது, குதிரையும் தலையைத் தூக்கிக்கொண்டு குட்டையடி வைத்தது. போன வருடமாக இருந்தால் "தோளை இறக்கு" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். "நாலு அடிக்கு ஒருதரம் ஊதி விடும்மா, கொழுக்கட்டை ஆத்துற மாதிரி" என்றேன். சிரித்தாள், சிரித்ததில் மூச்சு வெளியே வந்தது. அரைச் சுற்றில் குதிரை கழுத்தை நீட்டியது. பிறகு குதிரையின் வெளித்தோள் முன்னால் போகும்போது சேணத்திலிருந்து எழும்பச் சொல்லிக் கொடுத்தேன். மொத்தப் பாடமும் அவ்வளவுதான். திட்டத்தில் எழுதிய மற்ற நாலு பயிற்சியைத் தொடவே இல்லை.

குழுவாகப் படிப்பதைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு ஆகாது. நாலு பேர் கூடினால் ஒருவர் சொல்லும் தவறான பதில் நாலு பேருக்கும் ஒட்டிக்கொள்கிறது. பேச்சு வராதவர்கள் கவலைப்பட வேண்டாம் என்பதுதான் என் கட்சி, பேச்சு அதிகம் வருகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும். கலகலப்பான ஆட்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

தேர்வன்று கொண்டுபோனவை:

பழைய பூட்ஸ். புதுசு கடிக்கும்.
தாடை வார் உள்ள ஹெல்மெட், முந்தைய நாளே சரிபார்த்தது.
கையுறை இரண்டு ஜோடி.
விசில் வேண்டாம். நான் கொண்டுபோனேன், பயன்படவில்லை.
நாலு இட்லி. எட்டு மணிக்குக் கூப்பிட்டு, பன்னிரண்டரைக்கு விட்டார்கள்.

தொழில் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரெஸாஜ் அணி (குதிரையை நேர்த்தியாக நடத்திக் காட்டும் போட்டி) தங்கம் வாங்கியது, குதிரையேற்றத்தில் நமக்கு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம். அதற்குப் பிறகு சேலத்திலும் பெற்றோர் விசாரிக்கிறார்கள், ஆனால் விசாரிப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளை மட்டும் நம்பிக் குதிரைக்குத் தீனி போட முடியாது. எனக்கு மாதம் முழுக்கச் சோறு போடுவது ஊர்வலக் குதிரை வைத்திருப்பவர்கள்தான். முதுகுப் புண், தேய்ந்த லாடம், பொருந்தாத சேணம். அவர்களிடம் போய்த் தத்துவம் பேசக் கூடாது. "முதுகு ஆறினா இந்த முகூர்த்தத்துக்கு நாலு ஊர்வலம் கூட ஓட்டலாம்ணே" என்றால் காது கொடுக்கிறார்கள். பயிற்சி எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

அடுத்த ஸ்டேஜுக்கு இந்த வருடம் கட்டப் போவதில்லை, கையில் காசு இல்லை. ஆடி மாசம் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாமாவோடு அந்தியூர் போகிறேன், செம்பிக்கு ஒரு துணை வாங்க. மாமா சுழி பார்ப்பார், நான் முதுகைத் தடவிப் பார்ப்பேன். யார் பேச்சைக் கேட்டு வாங்குவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.