ஓடும் பேருந்தில் நிற்கும் உடல்

1927-இல் ஜெர்மன் தத்துவவாதி மார்ட்டின் ஹைடெக்கர் சுத்தியலை முன்வைத்துச் சொன்ன ஒரு கருத்தை, கணினி அறிஞர் டெரி வினோகிராடும் அவருடன் சேர்ந்து நூல் எழுதிய பெர்னாண்டோ ஃப்ளோரஸும் 1986-இல் கணினிக்குப் பொருத்திப் பார்த்தார்கள். வேலை தடையின்றி நடக்கும்வரை கருவி நம் கவனத்தில் படுவதில்லை, கவனம் ஆணியிலும் பலகையிலும்தான் இருக்கும். பிடி கழன்றால்தான் சுத்தியல் ஒரு பொருளாக எதிரே வந்து நிற்கும். அனுபவத்தை நாம் உணரும் விதத்திலேயே ஆராயும் நிகழ்வியல் என்னும் தத்துவப் பிரிவு எங்கள் வடிவமைப்புத் துறைக்குள் வந்த வழிகளில் இது முக்கியமானது. படித்து ஒப்புக்கொள்வதற்கு எளிதான கருத்துதான். பேருந்து நடத்துநர்களுக்கான டிக்கெட் மெஷினை வடிவமைக்கும் குழுவில் பணியாற்றியபோதுதான் அதன் முழுக் கனமும் எனக்குப் பிடிபட்டது.

பழைய மெஷினில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் உண்டு. ஐந்தாம் எண்ணின் மேல் சிறு புடைப்பு ஒன்று இருக்கும். கூட்டம் நிறைந்த பேருந்தில், இடுப்பை இருக்கைக் கம்பியில் சாய்த்து, கால்களைச் சற்று அகற்றி நின்றிருந்த நடத்துநரின் கட்டைவிரல் அந்தப் புடைப்பைத் தொட்டறிந்து, அங்கிருந்து மற்ற எண்களுக்குத் தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது. சீட்டு அச்சாகும் அதிர்வை உள்ளங்கை உணர்ந்ததும், மணிக்கட்டின் ஒரே திருப்பலில் அதைக் கிழித்துக் கொடுத்தார். இவ்வளவும் நடக்கையில் அவர் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கண்கள் வேறொரு வேலையில் இருந்தன: சென்ற நிறுத்தத்தில் ஏறியவர்கள் யார், எங்கே நிற்கிறார்கள், யார் இன்னும் சீட்டு வாங்கவில்லை என்று முகங்களை மனத்தில் பதித்துக்கொண்டிருந்தன.

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எல்லாம் பழக்கந்தான் சார்" என்றார். நேர்காணலை மட்டும் நம்பியிருந்தால் எங்கள் குறிப்பேட்டில் அந்த ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும். தட்டச்சுப் பயின்றவரின் அறிவு கைகளில் இருக்கிறது, எழுத்துகளின் இடத்தை விவரிக்கச் சொன்னால் அவர் திணறக்கூடும் என்று 1945-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி மொரிஸ் மெர்லோ-போந்தி விளக்கியது இதைத்தான். பார்வையற்றவரின் கைத்தடி அவருக்கு ஒரு பொருளாக இல்லாமல், நுனிவரை நீண்ட தொடு உணர்வாக ஆகிவிடுகிறது என்றும் அவர் சொன்னார். நடத்துநரின் கையில் அந்த மெஷின் அப்படித்தான் இருந்தது.

முழுவதும் தொடுதிரையாக அமைந்த மாதிரியை அதே வழித்தடத்தில் கொடுத்தபோது, அலுவலக மேசையில் குறை சொல்ல இடமில்லாதிருந்த திரை, வளைவுகளில் அவருடைய கண்களைக் கீழே இழுத்தது. கண் தாழ்ந்ததும் தலை தாழ்ந்தது. அதனால் நிலை தடுமாறி, ஒரு கையால் கம்பியைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வியர்த்த விரலின் தொடுதலைக் கண்ணாடி சரியாக ஏற்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரிய இழப்பு, சீட்டு வாங்காதவர்களை நினைவில் வைத்திருந்த அந்தப் பார்வை போனதுதான். ஒரு சீட்டுக்கு எத்தனை விநாடி என்று அளக்கும் எந்தச் சோதனையிலும் அது பதிவாகாது.

எண்களையும் அடிக்கடி தேவைப்படும் ஸ்டேஜ்களையும் பொத்தான்களாகவே வைத்திருக்க வேண்டும் என்று வாதிட்டோம். செலவு குறித்த எதிர்ப்பு இருந்தாலும் அது ஏற்கப்பட்டது. திரை, க்யூஆர் கட்டணத்துக்கும் வழித்தடம் மாற்றுவதற்கும் மட்டும் என்றானது. பணம் வந்ததை அறிவிக்கும் ஒலி எஞ்சின் இரைச்சலில் கேட்கவில்லை. அதிர்வாக மாற்றினால், ஒற்றைக் குறு அதிர்வு பேருந்தின் நடுக்கத்தோடு கலந்துவிட்டது. இடைவெளி விட்ட இரண்டு நீண்ட அதிர்வுகளே உள்ளங்கைக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஓடும் பேருந்தில் நாங்களே மெஷினைப் பிடித்து நின்று பார்த்ததால்தான் இது தெரியவந்தது.

ஸ்வீடனைச் சேர்ந்த வடிவமைப்பு ஆய்வாளர் கிறிஸ்டினா ஹூக், வடிவமைப்பவர் முதலில் தம் உடலை உணரப் பழக வேண்டும் என்று 2018-இல் வெளியான தம் நூலில் வலியுறுத்துகிறார். அவருடைய குழு அதற்காக உடலசைவுகளை மெதுவாகக் கவனித்துச் செய்யும் ஃபெல்டன்கிரைஸ் உடற்பயிற்சிகளையே மேற்கொண்டது. நான் அதை முழுமனத்தோடு ஏற்கிறேன். எனினும் வடிவமைப்பவரின் உடல் நடத்துநரின் உடலுக்கு ஈடாகாது. நாங்கள் நின்றது சில நடைகள் மட்டுமே. அவர்கள் பணிநேரம் முழுவதும் நிற்கிறார்கள். மாலையில் மணிக்கட்டில் சேரும் வலிக்கு மெஷினின் எடை எவ்வளவு காரணம் என்பதும், சிறிய கைகளை உடைய பெண் நடத்துநர்களின் கட்டைவிரல் ஓரத்துப் பொத்தானை எட்டுகிறதா என்பதும் எங்கள் அடுத்த மாதிரியில் பார்க்க வேண்டியவை.