ஹார்வர்டு வந்த வாரம்

ஜனவரி 22

நாளை எங்கள் கார்னெல் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணிக்கு ஹார்வர்டோடு ஆட்டம். லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் திருநெல்வேலித் தம்பி காலையிலிருந்து ஒரே கேள்வி: "அக்கா, மீன் எங்க வாங்கணும்?" யாரோ சொல்லிக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

கதை இதுதான். 1973-ல் ஹார்வர்டு ரசிகர் ஒருவர் கார்னெல் கோல்கீப்பர்மேல் செத்த கோழியை வீசினாராம். இங்கே விவசாயக் கல்லூரி இருக்கிறதல்லவா, அந்த நக்கல். பாஸ்டன் பக்கத்துக்காரர்கள் மீன்பிடிக்குப் பேர்போனவர்கள் என்று நம்மாட்கள் பதிலுக்கு மீனை வீசினார்கள். அன்றிலிருந்து ஹார்வர்டு அணி ஐஸில் இறங்கும்போதெல்லாம் மீன் பறக்கும். வாசலில் சோதனை உண்டு. ஆனாலும் பேன்ட்டுக்குள் வைத்து எப்படியோ கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு வீசினால் பெனால்டி நம் தலையில் விழும்.

"மீன் வேண்டாம், பழைய பேப்பர் எடுத்து வா" என்றேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது.

ஜனவரி 23, நள்ளிரவுக்குப் பிறகு

தொண்டை போய்விட்டது. தூக்கமும் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஐஸ் ஹாக்கி அரங்கமான லைனா ரிங்க் 1957-ல் கட்டியது. 4,267 பேர்தான் உட்காரலாம், அதிலும் மாணவர் பகுதியில் யாரும் உட்காருவதில்லை. கூரை தாழ்வு என்பதால் சத்தம் வெளியே போக வழியில்லாமல் நம் காதுக்கே திரும்பி வருகிறது. செக்‌ஷன் பி-யில் இடம். ஆட்டத்தின் நெளிவு சுளிவு தெரிந்தவர்கள் நிற்கிற இடம் அது, பக்கத்தில் நின்றாலே பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

ஹார்வர்டு வீரர்களின் பெயரை அறிவிக்கத் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் நாளிதழை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டது. உங்களைப் பார்ப்பதைவிட நேற்றைய செய்தி மேல் என்று அர்த்தம். ஆயிரக்கணக்கான தாள் ஒரே நேரத்தில் சரசரக்கிறது, அப்புறம் கசக்கி எறிகிறார்கள். கையெல்லாம் மை. தேசிய கீதத்தில் 'ரெட்' என்ற சொல் வரும் இடத்தில் அதை மட்டும் அரங்கமே கத்தியது. நம் நிறம் சிவப்பு. தம்பி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

மீனும் விழுந்தது. எங்களுக்கு நேர் கீழே கண்ணாடியில் ஒன்று மோதி, செதில் ஒட்டியபடி மெதுவாக வழுக்கி இறங்கியது. ஒரு பையன் வந்து மண்வாரியால் அள்ளிப்போனான்.

ஆட்டம் மூன்று பீரியட், அதாவது மூன்று பகுதி. முதல் பீரியடில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நம் ஆட்கள் இரண்டாவதில் சமன் செய்தார்கள். கோல் விழுந்ததும் அவர்களுடைய கோல்கீப்பரை நோக்கி எல்லாக் கைகளும் நீண்டு, "சல்லடை, சல்லடை" என்று ஆங்கிலத்தில் ஒரே கூச்சல்: எதையும் தடுக்காத ஓட்டை என்று கேலி. பாவம், பத்தொன்பது இருபது வயதுப் பையன். இதற்கெல்லாம் பழகித்தான் வந்திருப்பான்.

ஆனால் இன்றைக்கு எழுதவேண்டியது கோலைப் பற்றியல்ல. மூன்றாவது பீரியடில் நம் வீரர்கள் இருவர் அடுத்தடுத்துப் பெனால்டி வாங்கி வெளியே போக, ஒரு நிமிடத்துக்கும் மேல் ஐந்து பேருக்கு எதிராக மூன்று பேர். நம் டிஃபென்ஸ்காரர் ஒருவரின் மட்டை உடைந்துவிட்டது. வெறுங்கையோடு, பக் என்கிற ஆட்டத்து வட்டு வரும் வழியில் விழுந்தார். கணுக்காலில் அடி. எழுந்தார். மறுபடி அடிக்க ஓங்கினார்கள், மறுபடி விழுந்தார். கெட்டி ரப்பர், எடை ஏறக்குறைய 170 கிராம், துள்ளாமலிருக்க உறையவைத்துத்தான் கொண்டுவருவார்கள். பக் வெளியே போனதும் ஒற்றைக் காலில் தள்ளித் தள்ளி அவர் பெஞ்சுக்கு வந்தபோது எழுந்த சத்தம் கோலுக்குக்கூட எழவில்லை. லைனா கூட்டத்தின் ருசி அப்படி. முப்பது ஆண்டு பயிற்சியாளராக இருந்து 2025-ல் ஓய்வு பெற்ற மைக் ஷேஃபர் வளர்த்துவிட்ட ருசி: முதலில் தடு, அப்புறம் அடி.

"ஏன்க்கா யாரும் சண்டை போடல?" என்றான் தம்பி. டிவியில் என்ஹெச்எல் என்கிற தொழில்முறை ஹாக்கி லீகைப் பார்த்துவிட்டு வந்தவன். கல்லூரி ஆட்டத்தில் கைகலப்பு என்றால் அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. முகத்தில் கூண்டு வேறு இருக்கிறது, எங்கே குத்துவது?

பிறகு ஆளுக்கு இன்னொரு கோல், அறுபது நிமிடம் முடிந்து 2-2. ஓவர்டைமில் மூன்றுக்கு மூன்று, ஐந்து நிமிடம். எனக்கு இந்த விதியே பிடிக்காது. ஐந்து பேர் சேர்ந்து கட்டுகிற ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஆடவிட்டு, கடைசியில் அகலமான ஐஸில் ஓட்டப்பந்தயம் விடுகிறார்கள். நம் ஆள் ஒருவர் கோலுக்குப் பின்னால் திரும்பிய நொடியில் அவர்கள் இருவராய் எதிர்த்திசையில் பறந்துவிட்டார்கள். கதை முடிந்தது. வென்றால், ஊருக்குப் போக பஸ்ஸைக் கிளப்புங்கள் என்று எதிரணியைப் பார்த்துக் குலுக்குவதற்காக வைத்திருந்த சாவிக்கொத்து பையிலேயே இருந்துவிட்டது.

ஜனவரி 24

டார்ட்மவுத் இன்று. ஹார்வர்டும் டார்ட்மவுத்தும் ஒரே வாரக்கடைசியில் ஜோடியாக வரும். 3-1 வென்றோம். பாதி ஆட்டம் தூக்கக் கலக்கம். மட்டை உடைந்தவர் இன்றும் ஆடினார், கொஞ்சம் சாய்ந்து சறுக்கியதுபோல் எனக்குத் தோன்றியது.

ஜனவரி 26

கணக்குப் பார்த்தேன். ஓவர்டைமில் தோற்றால் ஒரு புள்ளி, முழு நேரத்தில் வென்றால் மூன்று. ஆக நான்கு. நேஷனல் போட்டிக்குப் போக, நாங்கள் ஆடும் லீகான ஈசிஏசியின் கோப்பையை வென்றால் நேராக வழி, இல்லாவிட்டால் தரவரிசையின் தயவு.

தம்பி மதியச் சாப்பாட்டின்போது, கூரையில் தொங்கும் பதாகைகளைப் பற்றிக் கேட்டான். 1967, 1970 தேசிய சாம்பியன். 1970-ல் 29 ஆட்டம், 29 வெற்றி. ஒன்றுகூடத் தோற்காமல் கோப்பை வாங்கிய ஒரே அணி இன்றுவரை அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு வரை கோல் காத்தவர், பிற்பாடு என்ஹெச்எல்லில் பெயர்பெற்ற கென் டிரைடன்.

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் இல்லை. 2020 மார்ச்சில் அணித் தரவரிசை வாக்கெடுப்புகளில் நாட்டின் முதலிடத்தில் இருந்தோம், கொரோனா வந்து போட்டியையே ரத்துசெய்தார்கள். இதைச் சொல்லும்போது என் குரல் ஏறிவிட்டதாம், பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்களாம்.

கோல்கேட் பல்கலைக்கழகத்தின் ஊருக்குப் போய் ஆடும் ஆட்டத்துக்குக் காரில் இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். பின் சீட்டில் இரண்டு இடம் காலி. பெட்ரோலில் பங்கு தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.