ஏ.எஃப்.என். நாடாக்கள்: கீச்சு கைகொடுத்த கதை

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு முதல் ஒலிநாடா ரீல் சரியான சுருதியில் பாடியது. இரண்டு மாதமாக அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரீல்கள் வந்த கதை சின்னது. பிராங்க்பேர்ட்டில் மைன் ஆற்றங்கரையில் நடக்கும் சனிக்கிழமைச் சந்தையில், வயதான ஒரு பெண்மணி வாழைப்பழப் பெட்டி நிறைய ஒலிநாடா வைத்திருந்தார். முக்கால்வாசி நத்தார்ப் பாட்டும் குடும்பக் கதையும்தான். அடியில் ஐந்து ரீல் கிடந்தது. 15 சென்டிமீட்டர், பிஏஎஸ்எஃப் எல்பி 35, அட்டையின் முதுகில் பென்சிலால் 'ஏ.எஃப்.என். சோல்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஏ.எஃப்.என். என்பது அமெரிக்கப் படையினருக்கான வானொலி, சோல் என்பது கறுப்பின அமெரிக்கரின் ஒரு பாட்டு வகை. ஐந்துக்கும் சேர்த்து எட்டு யூரோ. கேட்ட காசை அப்படியே கொடுத்தேன். யாழ்ப்பாணத்தான் பேரம் பேசாமல் காசு கொடுக்கிறான் என்றால் விசயம் பெரிசு என்று உங்களுக்கு விளங்கும்.

எனக்கும் அந்த ஸ்டேசனுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1985இல் வந்து இறங்கி, ஹெசனில் ஒரு அகதி விடுதியில் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். ஒருவரிடம் ரேடியோ இருந்தது. சிற்றலையில் தமிழோசை பிடிக்கத்தான் அதை எல்லோரும் சுற்றி இருப்போம், அது முடிந்த பிறகு பெட்டி என் கைக்கு வரும். ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது, இங்கிலிஷ் ஓரளவு தெரியும், ஆகவே மத்திய அலையில் 873 கிலோஹேர்ட்ஸில் இங்கிலிஷ் கதைக்கும் ஒரு ஸ்டேசன் கணீரென்று விழுந்ததும் முள்ளை அங்கேயே விட்டுவிட்டேன். அதுதான் ஏ.எஃப்.என். 150 கிலோவாட் வலு, ஒலிபரப்புக் கோபுரம் பிராங்க்பேர்ட்டுக்குப் பக்கத்தில் வைஸ்கிர்ஷனில், அதனால் கட்டிலுக்குக் கீழே வைத்தாலும் பாடும். விளம்பரம் கிடையாது. விளம்பரம் வரவேண்டிய இடத்தில் சேமிப்புப் பத்திரம் வாங்கு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று சிப்பாய்களுக்குப் புத்தி சொல்வார்கள்.

அப்படி ஒரு இரவு ஒரு பெண்ணின் குரல். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு அதை விடாமல் ஏற்றி, இறக்கி, உடைத்து, திரும்பவும் சேர்த்து, எங்கள் ஊர்க் கோயிலில் ஓதுவார் தேவாரத்தில் ஒரு அடியில் நின்றுகொண்டு அடுத்த அடிக்குப் போக மனமில்லாமல் சுற்றுவாரே, அதேதான். பெயரை அறிவிப்பாளர் விழுங்கி விழுங்கிச் சொன்னதில் 'அரீதா' (அரீதா பிராங்க்ளின்) என்று பிடிக்க எனக்கு மூன்று கிழமை ஆனது. அரீதாவின் தகப்பன் டெட்ராய்ட்டில் பெயர்பெற்ற பாதிரியார், அவர் பாடத் தொடங்கியதே தேவாலயத்தில் என்று பல வருசம் கழித்துப் படித்தபோது, ஓதுவாரை நினைத்தது அவ்வளவு பிழையில்லை என்று ஒரு சந்தோசம். முதல் சம்பளத்தில் இசைத்தட்டுக் கடைக்குப் போய்ப் புரட்டினால் ஒரு லேபிளில் 'டாம்லா மோட்டவுன்' என்று இருக்கிறது. நான் அதைத் தமிழ் என்று வாசித்துவிட்டு அங்கேயே நின்று சிரித்தேன்.

(படைவானொலி நமக்கு ஒன்றும் புதுசில்லை. நாங்கள் கேட்டு வளர்ந்த இலங்கை வானொலியின் ஆசிய ஒலிபரப்புக்கு அடிக்கல்லே உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கொழும்பில் நடத்திய ரேடியோ சீக்தான். ஏக்கலையில் இருந்த 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பியைப் படையிடமிருந்து வாங்கித்தான் பிறகு ஆசியா முழுக்கப் பாட்டுப் போட்டார்கள். சரி, விசயத்துக்கு வருகிறேன்.)

ரெக்கார்டரின் பெல்ட் மாற்றியது, ரோலரைத் துடைத்தது, காந்தம் நீக்கியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை, அதை விடுகிறேன். பழைய பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டி எடுத்த கறுப்பு இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ரீல்கள் அரைத்தடம் (நாடாவின் ஒரு பாதியில் ஒரு பக்கம், மறுபாதியில் எதிர்த்திசையில் மறுபக்கம்), மோனோ, நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் வேகம். என் ரெக்கார்டரோ கால்தட ஸ்டீரியோ, இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் படிக்கும். போட்டால் இடதில் பாட்டு, வலதில் ஒருவர் பின்பக்கமாகக் கதைக்கிறார். அது குறையில்லை, வசதி. இரண்டு சேனலையும் ஒன்றாகப் பதிந்து, வலதைக் கணினியில் திருப்பிவிட்டால் ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் கிடைத்துவிடும்.

சிக்கல் அசிமத்தில்தான், அதாவது நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வில். பதிந்தவரின் ரெக்கார்டர் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கிறது, என்னுடையது இன்னொரு சாய்வில். சாதாரணமாக என்ன செய்வோம், பாட்டை ஓடவிட்டு ஸ்க்ரூவைத் திருப்பி, ஜால்ரா பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துவோம். ஆனால் இது மத்திய அலையில் வந்த பாட்டு. நாலரை, ஐந்து கிலோஹேர்ட்ஸுக்கு மேலே பாட்டில் ஒன்றுமே இல்லை. ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரியே இருக்கிறது. இருட்டில் ஊசிக்கு நூல் கோர்க்கிற வேலை. மூன்று கிழமை அப்படியே போனது.

இதற்கு மேல் பாட்டோடு சேர்ந்து ஒரு கீச்சு. மெல்லிசாக, விடாமல், கொசு மாதிரி. எனக்கு வயது அறுபது, பாதிதான் கேட்கிறது. மனைவிக்கு முழுசாகக் கேட்கிறது. "இஞ்சாருங்கோ, அந்தக் கீச்சை முதல் நிப்பாட்டுங்கோ, காது கிழியுது." ஒரு நாள் நான் ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது குசினியிலிருந்து அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். ஸ்க்ரூவை இந்தப் பக்கம் திருப்பினேன், அமைதி. அந்தப் பக்கம் திருப்பினேன், ஏச்சு. அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அந்தக் கீச்சு நாடாவில் பதிந்திருக்கிறது, என் ரெக்கார்டரின் கோளாறு இல்லை. அந்தக் காலத்தில் ஏ.எஃப்.என். பிராங்க்பேர்ட் 872இல் இருந்தது (1978 நவம்பரில் ஐரோப்பா முழுக்க அலைவரிசைகளை நகர்த்தியபோதுதான் 873 ஆனது). பக்கத்து வரிசையான 863இல் பாரிஸ். இரவானால் பாரிஸின் ஊர்தியலை (ஒலியைச் சுமந்து வரும் ரேடியோ அலை) இங்கே வந்து விழும், இரண்டுக்கும் வித்தியாசம் 9 கிலோஹேர்ட்ஸ், அந்த வித்தியாசம்தான் கீச்சாகக் கேட்கிறது. நல்ல ஜெர்மன் வால்வு ரேடியோக்களில் இதை அடக்கவே தனியாக ஒரு வடிகட்டி வைப்பார்கள். நம்ம ஆளுடைய பெட்டியில் அது இல்லை, அல்லது பாட்டு நன்றாகக் கேட்கட்டும் என்று பட்டை அகலத்தை முழுசாகத் திறந்து வைத்திருக்கிறார். அவர் செய்த அந்தப் பிழைக்கு நான் கும்பிட வேண்டும். பாட்டில் இல்லாத உயர்சுரம் கீச்சில் இருக்கிறது. 9.5 வேகத்தில் அதன் அலைநீளம் நாடாவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான், ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கீச்சு செத்துவிடும். ஆகவே கீச்சு எங்கே அதிகமாகக் கத்துகிறதோ அங்கேதான் சரியான சாய்வு.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரத்தை (எந்தச் சுரம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் படம்) திறந்து வைத்துக்கொண்டு, காந்தமில்லாத பித்தளைத் திருப்புளியால் ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று நகர்த்தினேன். இங்கேயும் ஒரு பொறி உண்டு, கவனியுங்கள். கீச்சு ஒரே சுரம் என்பதால் சாய்வைத் திருப்பிக்கொண்டே போனால் அது ஏறி, இறங்கி, இல்லாமல் போய், திரும்பவும் கொஞ்சம் ஏறும். அந்தப் பொய்ச் சிகரத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்று இரவு வேலை செய்துவிட்டேன். கீச்சு இருக்கிறது, பாட்டு மட்டும் இன்னும் மந்தம், காரணம் தெரியாமல் வயரையெல்லாம் மாற்றினேன். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை முழுசாக ஒரு தடவை திருப்பிப் பார்த்தால்தான் பெரிய சிகரம் எது என்று தெரியும். தெரிந்தது. 'ச', 'ஸ்' எல்லாம் நாக்கு முளைத்து வந்தன.

இன்னொரு இலாபமும் கூடவே வந்தது. கீச்சு 9,000 ஹேர்ட்ஸில் நிற்க வேண்டும், ஒலிபரப்பு நிலையங்களின் ஊர்தியலை அவ்வளவு துல்லியம். என் ஸ்பெக்ட்ரத்தில் அது 8,740இல் நின்றது. அதாவது பதிந்தவரின் ரெக்கார்டர் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது, அதனால் எனக்கு எல்லாமே அரைச் சுரத்தில் பாதி இறங்கிக் கேட்கிறது. அதுவும் நிலையாக இல்லை, ரீல் முடியும்போது 8,790. கீழே மின்சார ஹம்மிலும் (கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல்) பார்த்தேன், இரண்டு கோடு தெரிந்தது. ஒன்று சரியாக 50இல், அது என் வீட்டுக் கரண்ட். மற்றது 48 அரையில், அது அவர் வீட்டுக் கரண்ட். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதும் நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டேன். ஐந்து ஐந்து நிமிடமாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வேகத்தைத் திருத்தி, கீச்சை 9,000க்குக் கொண்டுவந்து நிறுத்தி, கடைசியில் ஒரு ஒடுக்கமான வடிகட்டியால் அதையே வெட்டி எறிந்தேன். நன்றிகெட்ட வேலைதான்.

அதன் பிறகு கேட்டதுதான் நேற்றைய பதினொன்றரை மணி. அறிவிப்பாளர் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் பெயரைச் சொல்லி, 'டாக் ஆஃப் தி பே' நாட்டில் முதலிடம் என்கிறார். ரெடிங் விமான விபத்தில் இறந்தது 1967 டிசம்பர் 10, அதற்குச் சில நாள் முன்னால் மெம்பிஸில் பழைய சினிமாத் தியேட்டரை ஸ்டூடியோவாக்கிய ஸ்டாக்ஸில் பதிந்த பாட்டு, அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது 1968 மார்ச்சில். ஆக ரீலின் வயது அநேகமாக அந்த வசந்தகாலம்தான், அட்டையில் தேதி எழுதாதவருக்குப் பதிலாக அறிவிப்பாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். பாட்டின் கடைசியில் ரெடிங் விசிலடிப்பார், தெரியுமல்லவா. வடிகட்டி அதையும் சேர்த்து விழுங்கியிருக்குமோ என்று ஒரு கணம் பயந்தேன். அது எங்கேயோ கீழே இருக்கிற சுரம், ஒரு கீறலும் இல்லை.

பெல்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்விட்டம் என்று எழுதிக் கேட்டால் சிலர் மடித்த நீளத்தை அனுப்புகிறார்கள். நான் வாங்கிய இடத்தில் இரண்டு தடவை அப்படி நடந்தது, இரண்டு தடவையும் தபால் செலவு என் தலையில். பெயர் வேண்டாம். சுற்றளவைச் சொல்லிக் கேளுங்கள், பழசை அளக்க முடியாவிட்டால் நூலைச் சுற்றி அளந்து சொல்லுங்கள். ரெவொக்ஸ் ஏ77 ரெக்கார்டர் ஒன்று அரைத்தட ஹெட்டோடு கிடைத்தால் இந்த பெல்ட் பிரச்சினையே இல்லை என்று தினமும் விளம்பரம் பார்க்கிறேன், விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.

இதற்கிடையில் அடுத்த பைத்தியமும் தொடங்கிவிட்டது. படைவானொலிகளுக்கென்று லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து அனுப்பிய நிகழ்ச்சித் தட்டுகள், குறிப்பாக 1970களில் ரோலண்ட் பைனம் நடத்திய சோல் நிகழ்ச்சித் தட்டுகள். ஒலிபரப்பிய பிறகு அழித்துவிட வேண்டும் என்பது விதி, அதனால் தப்பியது கொஞ்சம்தான். ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. 873 ஒலிபரப்பு 2013இல் மூடப்பட்ட பிறகு, தட்டையும் ரீலையும் தேடுவதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை.

ஐந்து ரீலில் இரண்டு முடிந்தது. மூன்றாவதையும் ஏற்றிப் பார்த்தேன். முதலில் ஒட்டுகள் காய்ந்து மூன்று இடத்தில் பிய்ந்தது, அதை ஒட்டி ஓடவிட்டால் வலது பக்கம் திருப்பிக் கேட்டதில் ஒரு மணி நேரம் முழுக்க கண்ட்ரி பாட்டு. இடது பக்கம் சோல்தான், நல்ல சோல், டிரம்பெட்டெல்லாம் கேட்கிறது. ஆனால் அறிவிப்பாளர் மத்தியான நேரம் சொல்கிறார். பகலில் பாரிஸ் இங்கே எட்டாது. கீச்சே இல்லை. ஹம்மை வைத்து வேகத்தைத் திருத்திவிடுவேன், அசிமத்துக்கு என்ன செய்வது? இரண்டாம் ரீலுக்கு வைத்த சாய்விலேயே ஸ்க்ரூவைத் தொடாமல் ஓடவிட்டுப் பார்க்கப் போகிறேன், அதே ரெக்கார்டரில்தான் பதிந்திருப்பார் என்ற நம்பிக்கையில். யாராவது வேறு வழி கண்டிருந்தால் சனிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள்.