ஒத்தையா ரெட்டையா

எங்கள் தொடக்கப் பள்ளியில் இருந்த ஒரே கணினியும் அந்த ஆண்டு ஜூலையிலேயே படுத்துவிட்டது. அப்போது கைகொடுத்தவை, நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் டிம் பெல் குழுவினர் கணினியே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தர உருவாக்கிய விளையாட்டுகள். அவற்றில் அட்டைகளை வைத்துச் செய்யும் வித்தை ஒன்று உண்டு. நான் அட்டைக்குப் பதில் புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டேன். தாயம் ஆட ஒரு பக்கத்தை வெள்ளையாகத் தேய்ப்போமே, அதேதான். 36 கொட்டை தேய்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. கட்டைவிரல் நகமும் கொஞ்சம் போனது.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 25 கொட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக, இஷ்டத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பரப்பினான். "இன்னும் கஷ்டமாக்கிக்கிறேன்டா" என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கமும் கீழேயும் ஒவ்வொரு வரிசை சேர்த்தேன். குறுக்கிலும் நெடுக்கிலும் எந்த வரிசையை எண்ணினாலும் வெள்ளை இரட்டைப்படையில் வரும்படிதான் சேர்த்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள, யாரோ ஒரு கொட்டையைப் புரட்டினார்கள். ஒற்றைப்படை ஆகிவிட்ட இரண்டு வரிசைகள் வெட்டும் இடத்தில் விரல் வைத்தேன். ஒரே கூச்சல்.

மூன்றாவது ஆட்டத்தில் மாட்டிக்கொண்டேன். குறுக்கு வரிசை எல்லாம் சரி. நெடுக்கில் மட்டும் இரண்டு வரிசை ஒற்றை. ஒரே குறுக்கு வரிசையில் இரண்டைப் புரட்டியிருந்தாள் ஒரு சிறுமி.

"ஏதோ மாத்தியிருக்கீங்கன்னு தெரியுது. எதுன்னு தெரியலம்மா."

"இது ஒத்தையா ரெட்டையாதான சார்?" என்றாள்.

நான் மறைத்து வைத்திருந்தது அவ்வளவுதான். உள்ளங்கையில் கொட்டையை மூடிக்கொண்டு கேட்கும் விளையாட்டு அவர்களுக்குத் தெரியாதா என்ன! கணினிக்குள் தகவல் எல்லாம் 0, 1 தான், கம்பிவழி போகும்போது 0 எப்போதாவது 1 ஆகிவிடும், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த உபரி வரிசை என்று விளக்கினேன். பிஸ்கட் கவரின் பார்கோடில் 13 இலக்கம், கடைசி ஒன்று மற்ற 12-ஐச் சரிபார்க்க என்றும் காட்டினேன். சரி சரி என்று தலையாட்டினார்கள். கண் கொட்டையில்தான் இருந்தது.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். எல்லா வரிசையையும் இருமுறை எண்ணிப் பார்த்தேன். "யாரும் எதையும் தொடலையே" என்றேன்.

ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளையும் புரட்டி வைத்திருந்தாள்.